தெரிந்த படித்துறையில் இறங்கி

"துப்பறியும் கதை தவிர எதை எடுத்தாலும் ஓடமாட்டேங்குது" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். "சரித்திரக் கதைன்னா சரி, மத்தது ரெண்டு பக்கம் தாண்ட மாட்டேங்குது" என்பார்கள் இன்னும் சிலர். இவர்கள் வாசிக்காதவர்கள் அல்ல. ஒரே வகையில் ஐம்பது, நூறு என்று முடித்தவர்கள். புதிய வகைக்குப் போகும்போது இவர்களுக்கு எல்லாமே ஒரே நேரத்தில் புதிதாகிவிடுகிறது. எழுதினவர் புதிது, கதை நடக்கிற ஊர் புதிது, நடை புதிது, புத்தகமோ அறுநூறு பக்கம். பிடிமானம் எதுவும் இல்லை. முப்பதாவது பக்கத்தில் கை தானாகவே மூடிவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வகை புதிது என்றால் ஊர் தெரிந்ததாக இருக்கட்டும். ஊர் புதிது என்றால் எழுத்தாளர் தெரிந்தவராக இருக்கட்டும். இரண்டுமே புதிது என்றால் புத்தகம் நூற்றைம்பது பக்கத்துக்குள் இருக்கட்டும். துறை என்ற சொல் தமிழில் ஆற்றுப் படிக்கும் வரும், அறிவுப் பிரிவுக்கும் வரும். குறுக்குத்துறையில் குளித்துப் பழகினவர் சிந்துபூந்துறையில் பயமில்லாமல் இறங்குவார். படிதான் வேறு, ஆறு தாமிரபரணிதான்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிட லேசு. கடல், கரிசல், ஆற்றங்கரை, மலை என்று நாலு நிலமும் இங்கே இருக்கின்றன. நாலைப் பற்றியும் கதை, கவிதை, வரலாறு, நாட்டார் ஆய்வு என்று பல வகையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரைப் பிடித்துக்கொண்டே வகை மாறலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. "எனக்கு க்ரைம் கதை பிடிக்கும்" என்பது பாதித் தகவல். அதில் எது பிடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முடிச்சு அவிழ்வதா, கதையின் ஓட்டமா, போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொள்வதா, துப்பறிகிறவரின் பேச்சா? பதிலைப் பொறுத்து அடுத்த புத்தகம் மாறும்.

ஓட்டம்தான் பிடிக்கும் என்றால் பூமணியின் 'வெக்கை'. கோவில்பட்டி வட்டாரக் கரிசல். கொலை முதலிலேயே நடந்துவிடுகிறது, செய்தது யார் என்பதிலும் மர்மம் இல்லை. ஒரு பையனும் அவன் அப்பாவும் காடுமேடாக ஒளிந்து திரிவதுதான் கதை. இலக்கியம் என்றாலே மெதுவாகத்தான் போகும் என்று நினைப்பவர்கள் இதை எடுத்தால் அந்த எண்ணம் போய்விடும். 'அசுரன்' படத்துக்கு மூலம் இது. ஆனால் படம் பார்த்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். புத்தகத்தில் அந்த ஓட்டத்துக்கு நடுவே அவர்கள் எதைப் பறித்துச் சமைத்தார்கள், எங்கே தண்ணீர் கண்டார்கள் என்பதெல்லாம் வரும்.

கோர்ட் பிடிக்கும் என்றால் தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்'. ஒரு வழக்கு விசாரணையை வைத்தே முழு நாவலும் நகரும். அங்கிருந்து உண்மை வழக்குக்கு ஒரே எட்டு: 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதைப் பற்றி ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'ஆஷ் கொலையும் இந்தியப் புரட்சி இயக்கமும்'. அதை முடித்தவருக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' கடினமாகவே இருக்காது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலியில் என்ன நடந்தது என்பதை ஆவணங்களை அடுக்கிச் சொல்கிற புத்தகம் அது. 2024க்கான சாகித்திய அகாடமி விருது பெற்றது. பாருங்கள், க்ரைம் நாவலில் புறப்பட்டவர் மூன்றாவது புத்தகத்தில் வரலாற்று ஆய்வு படித்துக்கொண்டிருக்கிறார், வலியே தெரியாமல்.

முடிச்சு அவிழ்வதுதான் சுகம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தன்வரலாறு என்று பெயர் இருப்பதால் அந்தப் பக்கமே போகாதவர்கள் உண்டு. ஏடு தேடுகிற அத்தியாயங்கள் முழுக்கத் துப்பறிதல்தான். யார் வீட்டில் எந்த ஏடு இருக்கிறது, அதில் எந்த இடம் சிதைந்திருக்கிறது, வேறெங்கே நல்ல பிரதி கிடைக்கும் என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கவிராயர் வீடுகளில் ஏடு தேடுகிற பகுதியும் அதில் வருகிறது. முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சீவகசிந்தாமணி வேலை தொடங்குகிற இடத்தில் ஆரம்பித்து, பிடித்துப்போனால் முன்பகுதிக்குத் திரும்பலாம். தொடர்கதை மாதிரி 1940களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் வந்தது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. இரவு ஒன்று, இரண்டு என்று போகலாம்.

பிடித்தது எது என்று தெரிய நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். புத்தகம் முடிந்த அன்றே இரண்டு வரி: எந்த இடத்தில் கீழே வைக்க மனம் வரவில்லை, எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனேன். கதைச் சுருக்கம் வேண்டாம், அது எந்த உதவிக்கும் வராது. பாதியில் விட்ட புத்தகத்துக்கும் எழுதுங்கள், பக்க எண்ணோடு. பத்துப் புத்தகம் சேர்ந்ததும் திருப்பிப் பார்த்தால், 'காதல் கதை பிடிக்கும்' என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு உண்மையில் பிடித்தது கூட்டுக் குடும்பத்துச் சண்டை என்று தெரியவரும்.

இந்த நோட்டு இருந்தால் கடையிலும் நூலகத்திலும் கேட்கிற கேள்வியே மாறும். "அண்ணாச்சி, நல்ல புக்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? அதிகம் விற்கிறதை எடுத்து நீட்டுவார். "அண்ணாச்சி, கி.ரா. கதை படிச்சேன். ஆளுக பேசுற பேச்சுதான் ரொம்பப் பிடிச்சுது. அதே மாதிரி பேச்சு வர்ற வேற ஊர்க் கதை இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிப்பார். எழுந்து உள்ளே போவார். பெரும்பாலும் கையில் இரண்டு மூன்றோடு வருவார்.

வகை மாற ஒரே எழுத்தாளரைப் பிடித்துக்கொள்கிற வழியும் உண்டு. அதற்குப் புதுமைப்பித்தனைப் போல இன்னொருவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பேய்க்கதை வேண்டுமா, 'காஞ்சனை'. மாயக் கற்பனைக்குக் 'கபாடபுரம்'. புராணத்தைப் புரட்டிப் பார்ப்பதற்குச் 'சாப விமோசனம்'. சிரித்துக்கொண்டே படிக்கக் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. நெல்லைக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பாட்டைச் சொல்ல 'துன்பக்கேணி'. இந்த ஐந்தையும் ஐந்து இரவில் படித்துவிட்டு, எது விடாமல் இழுத்தது என்று நோட்டில் குறித்தால், அடுத்த ஆறு மாதத்துக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று தெரிந்துவிடும். அவர் எழுத்து நாட்டுடைமை ஆனது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். முழுத் தொகுப்புகளைப் பெரும்பாலும் கால வரிசையில் அடுக்குவார்கள், ஆரம்பகாலப் பயிற்சி எழுத்தெல்லாம் முன்னால் நிற்கும். அதிலேயே களைத்துப்போய் நிறுத்தினவர்கள் எத்தனையோ பேர்.

நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கடலில் தொடங்குவது நல்லது. 'ஆழி சூழ் உலகு' பெரிய புத்தகம், ஆசிரியர் ஜோ டி குரூஸ் உவரிக்காரர். கடற்கரைச் சொல்லும் மீன்பிடிச் சொல்லும் அடர்த்தியாக வரும். கடற்கரையோடு பழக்கம் இல்லாதவர் நேரே அதில் இறங்கினால் மூச்சு முட்டும். முதலில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. சின்ன நாவல், மணப்பாட்டுக் கடற்கரை, நாட்டுப் படகான வல்லமும் விசைப்படகான லாஞ்சும் மோதிக்கொள்கிற காலம். அதை முடித்ததும் மலையாள எழுத்தாளர் தகழியின் 'செம்மீன்', சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில். இப்போது மாறினது மொழியும் கரையும் மட்டும்தான், கடல் பழகிவிட்டது. அதற்குப் பிறகு 'ஆழி சூழ் உலகு'. நாற்பது பக்கம் வரை புரியாத சொல்லுக்கு நிற்காமல் போங்கள். திரும்பத் திரும்ப வருகிற சொல் தானாகவே பொருள் சொல்லிவிடும். ஒரே ஒரு தடவை வருகிற சொல் தெரியாவிட்டால் நஷ்டம் இல்லை.

கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'கோபல்ல கிராமம்' படித்தவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கையில் எடுங்கள். அகராதியை யார் வாசிப்பார் என்று தோன்றும். சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம், எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம், அப்படி வாசிக்கிற புத்தகம் அது. அந்தச் சுவை பிடித்துவிட்டால் ரா.பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' காத்திருக்கிறது. அவர் ராஜவல்லிபுரத்துக்காரர். குளம், குறிச்சி, சேரி, மங்கலம் என்று முடிகிற ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் காரணம் சொல்வார். அடுத்த எட்டு தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. உப்பு, எண்ணெய், தேங்காய், உறவுப்பெயர் என்று வீட்டுக்குள் கிடக்கிற பொருள்களையும் சொற்களையும் எடுத்து வைத்துக்கொண்டு வரலாறு பேசுகிற சின்னக் கட்டுரைகள். ஆய்வு நூல் என்றால் பயப்படுகிறவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

இயற்கை பற்றிய எழுத்தில் நம் பக்கத்து வாசல் மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவைப் பார்த்துவிட்டு வந்த வாரம் இதைக் கையில் எடுங்கள், பறவையைப் பற்றிய ஒவ்வொரு வரியும் கண்ணில் நிற்கும். சிறுபிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

பழைய இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்துச் செய்யுள் பயம் போக வேண்டுமானால் முக்கூடற்பள்ளு. சீவலப்பேரி பக்கத்து ஊர், அதே ஆறு, நெல் வகையும் மாட்டு வகையும் மீன் வகையும் வரிசை வரிசையாக வரும். இரண்டு பெண்டாட்டிக்காரப் பள்ளனின் வீட்டுச் சண்டை இன்றைக்கும் சிரிப்பு மூட்டும். உரை உள்ள பதிப்பாக வாங்குங்கள். கண்ணால் மட்டும் படித்தால் பிடிபடாது. முதலில் பாட்டை வாய்விட்டு ஒரு தடவை, பிறகு உரை, மறுபடி பாட்டை ஒரு தடவை. நாளுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். குற்றாலக் குறவஞ்சிக்கும் இதே முறைதான். அதைச் சாரல் காலத்தில் எடுத்தால் இன்னும் சேர்ந்துவரும்.

அறிவியல் புனைகதைக்கு நம் சீமைக்குள்ளேயே வாசல் தேடி அலைய வேண்டாம். சுஜாதாவின் துப்பறியும் கதைகளைப் படித்தவருக்கு 'என் இனிய இயந்திரா' போதும். நடை தெரிந்தது, உலகம் மட்டும் புதிது. படக்கதைக்குச் சிவகாசி இருக்கிறது. முத்து காமிக்ஸ் 1972இல் அங்கிருந்துதான் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மேற்கத்திய கௌபாய் கதை, மாயாஜாலம், உளவாளிக் கதை என்று எல்லா ருசியும் நூறு பக்கத்துக்குள் காட்டிவிடுவதால், பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்கக் குறைந்த செலவுள்ள வழி அது.

இனி, கையில் எடுத்த புத்தகத்தைச் சோதிப்பது. முதல் பக்கத்தை நம்பாதீர்கள். எல்லோரும் முதல் பக்கத்தைப் பத்துத் தடவை திருத்தித்தான் அனுப்புகிறார்கள். நடுவில் ஒரு பக்கம், முக்கால்வாசியில் ஒரு பக்கம் படியுங்கள். நாவலென்றால் உரையாடல் உள்ள பக்கமாகப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டாலும் யார் பேசுகிறார் என்று தெரிகிறதா? தெரிந்தால் எடுக்கலாம்.

கட்டுரை நூலுக்கும் வரலாற்று நூலுக்கும் இன்னும் நம்பகமான சோதனை உண்டு. பின்னால் இருக்கிற சொல்லடைவில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடுங்கள். தாமிரபரணி, பாளையங்கோட்டை, பனைத்தொழில், உங்கள் ஊர்க் கோயில் கொடை, எதுவானாலும் சரி. அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள். நமக்குத் தெரிந்ததையே தப்பாகச் சொல்கிறவர், நமக்குத் தெரியாததை மட்டும் சரியாகச் சொல்லப்போவதில்லை. சொல்லடைவே இல்லாத வரலாற்று நூல் என்றால் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா? மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா? முழுமையானதா, சுருக்கமா? சுருக்கப் பதிப்பை முழு நூல் என்று நினைத்துப் படித்துவிட்டு 'இதுக்கா இவ்வளவு பேசுறாங்க' என்று அந்த எழுத்தாளரையே ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள். 'செய்யப்பட்டது', 'கொண்டுவரப்பட்டது' என்று வரிக்கு வரி முட்டினால், ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை படித்தால்தான் எழுவாய் கிடைக்கிறது என்றால், வைத்துவிடுங்கள். மூலம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. இந்திய மொழிக் கதைகளுக்குச் சாகித்திய அகாடமியும் நேஷனல் புக் டிரஸ்ட்டும் போட்ட பழைய மொழிபெயர்ப்புகள் இன்றும் நல்ல இருப்பு, விலையும் குறைவு.

விருதைப் பார்த்து எடுப்பதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. விருது அந்த எழுத்தாளரின் எந்தப் புத்தகத்துக்குக் கிடைத்ததோ அதுதான் நுழைய ஏற்றது என்று இல்லை. சில சமயம் ஆகப் பெரியதுக்கோ ஆகக் கடைசியில் வந்ததுக்கோ கொடுத்திருப்பார்கள். விருதுப் பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய சிறுகதைத் தொகுப்பைத் தேடுங்கள். வண்ணதாசனைச் சிறுகதையில் ருசித்தவர், அவரே கல்யாண்ஜி என்ற பெயரில் எழுதிய கவிதைக்குப் போவது எளிது. புதுக்கவிதையே படிக்காதவருக்கும் அந்த வழி திறக்கும்.

விடுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். சின்னப் புத்தகம் என்றால் முப்பது பக்கம், பெரியது என்றால் ஐம்பது. அதற்குள் பிடிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடிவிடலாம். ஆனால் ஏன் விட்டேன் என்று நோட்டில் எழுதிவிட்டு மூடுங்கள். 'சொல் புரியவில்லை', 'ஆள் அதிகம்', 'களைப்பாக இருந்தது' மூன்றும் ஒன்றல்ல. ஆள் அதிகம் என்றால் முதல் பக்கத்திலேயே ஒரு துண்டுத்தாளில் குடும்ப வரிசை போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கலாம். களைப்பு என்றால் அது புத்தகத்தின் குறையே இல்லை, இரண்டு மாதம் கழித்து எடுங்கள்.

இவ்வளவையும் காசு கொடுத்துச் சோதிக்க முடியாது. அதற்குத்தான் நூலகம். தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டுது. வீட்டுக்குக் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அதை வாங்கிக்கொள்ளாமல் விடுவானேன்? பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் இருப்பு அதிகம். ஆனால் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தைக் குறைத்து எண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமை வார விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள்.

உள்ளே போனதும் நேராக அலமாரிக்குப் போகாதீர்கள். திரும்பி வந்து இன்னும் அடுக்கப்படாத புத்தகங்கள் மேஜையில் கிடக்கும், அதை முதலில் பாருங்கள். ஊரில் யாரோ சுமந்து போய்ப் படித்துவிட்டுக் கொண்டுவந்தவை அவை, பல வகையும் கலந்து கிடக்கும். பிறகு புத்தகத்தின் பின்னட்டை உள்ளே ஒட்டியிருக்கிற தேதித் தாளைப் பாருங்கள். ஊதா மை முத்திரைகள் நெருக்கமாக இருந்தால் அந்த ஊர் விரும்பிப் படித்த புத்தகம். முத்திரை நாலைந்துதான், அதுவும் வருடக்கணக்கில் இடைவெளி என்றால் புத்தகம் மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். அட்டை மங்கி, கீழ்த்தட்டில் குனிந்து எடுக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கும். கண் மட்டத்தில் உள்ள தட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். குனிந்து கீழ்த்தட்டைப் பாருங்கள், பயணநூலும் தன்வரலாறும் அங்கேதான் அகப்படும். கைக்குட்டை ஒன்று எடுத்துப்போனால் தூசிக்கு உதவும். பக்கங்களில் மண்புழு ஊர்ந்த மாதிரி ஓட்டை இருந்தால் பூச்சி அரித்தது. எழுத்தைத் தின்றிருக்கிறதா என்று நடுப்பக்கம் வரை தள்ளிப் பார்த்துவிட்டு எடுங்கள். துப்பறியும் நாவல் என்றால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கதையைப் படித்துவிடாமல், பக்க எண்ணை மட்டும் பார்த்து.

வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி இலவசமாகத் தருகிற, 1998இலிருந்து நடக்கிற மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. நம் சட்டத்தில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும், நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை. கல்கியையும் அப்படி இலவசமாகவே படிக்கலாம். சரித்திரக் கதைக்குப் புதியவர் ஐந்து பாகமுள்ள 'பொன்னியின் செல்வ'னை ஒரேயடியாக வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம். 'பார்த்திபன் கனவு' முதலில். அது ஒரு வாரத்தில் முடிந்தால் பிறகு ஐந்து பாகம்.

புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் காசை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் என்றால் ஐந்நூறு ஏற்கனவே நூலகத்தில் படித்துப் பிடித்த எழுத்தாளர்களுக்கு, முந்நூறு புதிய வகைக்கு, இருநூறு அங்கே போய்க் கண்ணில் படுகிற எதற்காவது. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் அரங்கு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். பத்து சதவீதக் கழிவு பொதுவாக எல்லா அரங்கிலும் உண்டு, அதனால் முதல் கடையிலேயே அவசரப்பட வேண்டியதில்லை. செட்டாகக் கொடுக்கிற கழிவுக்கு மயங்கி முன்பின் தெரியாத எழுத்தாளரின் ஆறு புத்தகத்தை ஒன்றாக வாங்கக் கூடாது. முதலாவது பிடிக்காவிட்டால் மற்ற ஐந்தும் கட்டோடு கிடக்கும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தைத் தள்ளிப் பாருங்கள். நம் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரம் ஃபாரமாக அச்சாகி, மடித்து, அடுக்கி, தைக்கப்படுகின்றன. அடுக்குகிற இடத்தில் கை தவறினால் ஒரு ஃபாரம் விட்டுப்போகும், அல்லது ஒன்றே இரண்டு தடவை வந்துவிடும். அதனால் எல்லாப் பக்கமும் பார்க்கத் தேவையில்லை. 16க்குப் பின் 17, 32க்குப் பின் 33, 48க்குப் பின் 49 சரியாக வருகிறதா என்று மட்டும் கடைசி வரை பாருங்கள். முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும். தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே வேறு பிரதி கேட்டு வாங்கிவிடலாம்.